ஏஐ எழுதிய பதில்களை இங்கே அனுமதிக்கலாமா? விதி குறித்து உங்கள் கருத்து தேவை

பனங்காடு (மட்டுறுத்துநர்) எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நிரலாக்கக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லும் நம் குழுவில் ஏஐ எழுதிய பதில்களை விடலாமா என்று தனிச்செய்தியில் பலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானாக ஒரு விதியைப் போடுவதைவிட எல்லோரும் பார்க்கப் பேசி முடிவெடுப்பது நல்லது என்று தோன்றியது.

போன வாரம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் பட்டியல் ஒன்றில் ‘கொடியரசி’ என்று தேடினால் சில பதிவுகள் வருகின்றன, சில வரவில்லை, கண்ணுக்கு எல்லாம் ஒரே பெயராகத்தான் தெரிகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். சில நிமிடங்களில் ஒரு பதில் வந்தது. அழகான துணைத்தலைப்புகள், படிப்படியான விளக்கம். உங்கள் தரவுத்தளம் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இல்லை, அதைப் புதிதாக உருவாக்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுங்கள் என்றது. கேட்டவர் அதை நம்பி அப்படியே செய்தார். ஒன்றும் மாறவில்லை.

மறுநாள் கட்டுமரம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது?” பாதிப் பட்டியல் டிஸ்கியில், அதாவது யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கம் ஒன்றில், இருந்த பழைய கோப்பிலிருந்து மாற்றி எடுத்தது என்று தெரிந்ததும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது கொம்பு தனி, கால் தனி என இரண்டாக வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் போஸ்ட்கிரெஸ் வழக்கமான ஒப்பீட்டில் பைட்டுகளைத்தான் பார்க்கிறது, அதனால் அதற்கு அவை இரண்டு வேறு சொற்கள். இப்படிப்பட்ட வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி இயல்பாக்கம் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து அதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது.

முதல் பதிலைப் போட்டவரிடம் விசாரித்தேன். ஏஐயிடம் கேட்டு அப்படியே ஒட்டியதாக மறைக்காமல் சொன்னார். உதவும் நோக்கத்தில்தான் செய்திருக்கிறார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

நிரலர்களின் பெரிய கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோ இதே நிலைமையை 2022 டிசம்பரிலேயே சந்தித்தது. நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. டிசம்பர் 5 அன்று அங்கே தடை வந்துவிட்டது. சரியான பதில்களின் விகிதம் குறைவு, ஆனால் பதில்கள் பார்வைக்குச் சரிபோலவே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் நொடியில் போட்டுவிட முடிகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நாமும் தடை போடலாமா? சொல்லுங்கள்.

மின்மினி எழுதியது:

நான் தடைக்கு எதிர். காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

நான் இறுதியாண்டு மாணவி. பள்ளி முழுக்கத் தமிழ் வழி. முதலாண்டில் ஒரு பெரிய ஆங்கிலத் தளத்தில் சுட்டிகள் (பாயிண்டர்கள்) பற்றிக் கேள்வி கேட்டேன். ஏற்கெனவே கேட்கப்பட்டது என்று மூடிவிட்டார்கள். அவர்கள் காட்டிய பழைய கேள்வியைப் படித்தும் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் அங்கே இடமில்லை, மைனஸ் ஓட்டுகள்தான் விழுந்தன. அதோடு நான் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டேன்.

ஏஐ வந்த பிறகுதான் நான் நிரலாக்கம் கற்றேன் என்று சொல்வேன். ஒரே விஷயத்தை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்கிறது. தமிழில் கேட்டாலும் சொல்கிறது. “இது கூடத் தெரியாதா” என்று கேட்பதில்லை. ஆங்கிலமும் துணிச்சலும் உள்ளவர்களுக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த உதவி இப்போது எல்லோருக்கும் கிடைக்கிறது. தடை என்று எழுதி வைத்தால், ஏஐயில் கற்று வருபவர்கள் இங்கே வரவே கூசுவார்கள்.

இன்னொன்று. பனங்காடு அண்ணா சொன்ன அதே கேள்வியை, பாதித் தரவு டிஸ்கியிலிருந்து மாற்றப்பட்டது என்ற விவரத்தையும் சேர்த்து, நேற்று ஏஐயிடம் கேட்டுப் பார்த்தேன். என்எஃப்சி இயல்பாக்கம் செய்யச் சொல்லிச் சரியாகவே பதில் தந்தது.

கட்டுமரம் எழுதியது:

மின்மினி, உங்களுக்கு அந்தத் தளத்தில் நடந்தது அநியாயம். அதை இந்த விவாதத்தில் யாரும் சிறிதாக்கக் கூடாது. மனிதர்கள் உதவும் இடம் என்று பெருமை பேசுபவர்கள், அங்கிருந்து எத்தனை பேர் வாய்மூடி வெளியேறினார்கள் என்பதையும் பேசத்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் சோதனையில் ஒன்றைக் கவனித்தீர்களா? டிஸ்கி என்ற தகவலை நீங்கள் சேர்த்துக் கொடுத்தீர்கள். கேட்டவருக்கு அது முக்கியம் என்றே தெரியாது. தெரிந்திருந்தால் அவரே தீர்த்திருப்பார். பிரச்சினையில் சிக்கியிருப்பவர் எந்த விவரத்தைச் சொல்லாமல் விட்டார் என்று ஊகிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. நான் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை. பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றும் வேலையில் நிறைய அடிபட்டிருக்கிறேன், ‘கொ’ என்ற எழுத்தைப் பார்த்ததுமே கை அங்கே போகிறது. ஏஐக்கு அந்த விவரம் தெரியாமல் இல்லை, நீங்களே காட்டிவிட்டீர்கள். கேட்டவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு உடனே விடை சொல்லப் புறப்பட்டுவிடுகிறது, அதுதான் சிக்கல். திருப்பிக் கேள் என்று சொன்னால் கேட்கும். அப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிவதற்கே கொஞ்சம் அனுபவம் வேண்டியிருக்கிறது.

தடையைப் பற்றி: எனக்கும் அது சரிவராது என்றே படுகிறது, ஆனால் வேறு காரணத்துக்காக. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் தடையோடு கதை முடியவில்லை. 2023 மே மாத இறுதியில், ஏஐ எழுதியது என்ற சந்தேகத்தின் பேரில் பதிவுகளை நீக்குவதற்கு அந்த நிறுவனம் மட்டுறுத்துநர்களுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. கண்டுபிடிக்கும் கருவிகளை நம்ப முடியாது, தாமே எழுதியவர்களும் தண்டிக்கப்படுகிறார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். நாங்கள் கருவியை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை என்றார்கள் மட்டுறுத்துநர்கள். சம்பளமில்லாமல் வேலை செய்யும் அவர்கள் ஜூன் 5 முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை வேலைநிறுத்தமே செய்தார்கள்.

அதில் இரண்டு பக்கமும் ஓரளவு சரி. எழுத்தை மட்டும் பார்த்து இது ஏஐ என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நம் குழுவில் இன்னும் சிக்கல். நன்றாகப் பத்தி பிரித்து, இலக்கணம் பிசகாமல் எழுதும் ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான் விழும்.

குறிஞ்சி எழுதியது:

தகவல் பாதுகாப்பில் வேலை செய்பவள் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். தவறான பதில் என்றால் நேரம்தான் வீணாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு மேலும் ஆபத்து உண்டு.

சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகள், உண்மையில் இல்லாத நிரல் தொகுப்புகளின் (நாம் நிறுவிப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின்) பெயரைச் சொல்வது வழக்கம். 16 மாதிரிகளை வைத்து 5,76,000 நிரல் துண்டுகளை எழுதவைத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2025இல் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வந்தது. பரிந்துரைக்கப்பட்ட தொகுப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லை. வணிக மாதிரிகளில் இது 5 சதவீதம் அளவுதான், யாரும் தரவிறக்கி ஓட்டக்கூடிய திறந்த மாதிரிகளில் 20 சதவீதத்தைத் தாண்டியது. இதில் என்னைக் கலங்கவைத்தது வேறு. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது அந்தப் பொய்ப் பெயர்களில் கணிசமானவை அப்படியே மறுபடி வந்தன. அதாவது எந்தப் பெயர் வரும் என்று தாக்குபவனால் முன்கூட்டியே கணிக்க முடியும். அந்தப் பெயரில் ஒரு தொகுப்பைப் பதிவு செய்து, உள்ளே வேண்டியதை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.

இதைச் சோதிக்க 2023 இறுதியில் ஒரு ஆய்வாளர், ஏஐ அடிக்கடி சொல்லிவந்த ‘ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ’ என்ற இல்லாத பெயரில் வெறும் காலித் தொகுப்பு ஒன்றைப் பைதான் களஞ்சியத்தில் ஏற்றினார். மூன்று மாதத்தில் 15,000 முறைக்கு மேல் அதைத் தரவிறக்கிவிட்டார்கள். பெரிய நிறுவனம் ஒன்றின் நிறுவல் வழிமுறைகளில்கூட அந்தப் பெயர் இடம்பிடித்திருந்தது. உள்ளே தீங்கான நிரல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தனியாக ஏஐயிடம் கேட்டு ஒருவர் ஏமாந்தால் பாதிப்பு அவரோடு போகிறது. அதே பதிலை ஒருவர் இங்கே ஒட்டினால், “ஒரு மனிதர் பார்த்துச் சொல்லியிருக்கிறார்” என்ற நம்பிக்கை அதற்குச் சேர்ந்துவிடுகிறது. பிறகு தேடுபொறி வழியாக வருகிறவர்களும் நம்புவார்கள். அந்த நம்பிக்கையை நாம் இலவசமாகக் கொடுக்கக் கூடாது.

மின்மினி எழுதியது:

குறிஞ்சி அக்கா, இது எனக்குப் புதிய தகவல், நன்றி. ஆனால் நான் சொல்வதும் அதுதான். தவறைத் தடுக்க வேண்டும், ஏஐயைத் தடுக்க வேண்டியதில்லை. மனிதர்களும் தப்புத்தப்பாகப் பதில் போடுகிறார்கள். எளிதில் உடைக்கக்கூடிய எம்டி5 முறையில் கடவுச்சொல்லைச் சேமிக்கச் சொல்லும் பழைய மனிதப் பதில்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றனவே.

கட்டுமரம் எழுதியது:

உண்மை. ஆனால் அப்படிப்பட்ட பதில்களின் கீழே பெரும்பாலும் ஒருவர் வந்து “இதைச் செய்யாதே, பிகிரிப்ட் பயன்படுத்து” என்று பாதுகாப்பான முறையைச் சொல்லி எழுதியிருப்பார். ஒரு பதிலின் கீழ் நடக்கும் சண்டைதான் அதன் மதிப்பே. தவறு, அதன் மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, பிறகு 2019இல் வந்த ஒருவர் “புதிய பதிப்பில் இது மாறிவிட்டது” என்று சேர்த்தது, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். தனி உரையாடல் பெட்டியில் ஏஐ சொன்ன தவறை நீங்கள் கண்டுபிடித்தாலும் அந்தத் திருத்தம் உங்களோடு புதைந்துவிடும். அடுத்தவர் அதே குழியில் விழுவார்.

தவறு கண்ணில் படுகிறதா என்பதும் கேள்வி. பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டேக் ஓவர்ஃப்ளோவின் 517 கேள்விகளைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். 52 சதவீதப் பதில்களில் தவறான தகவல் இருந்தது. அது போகட்டும். ஆய்வில் கலந்துகொண்ட நிரலர்கள் 35 சதவீத நேரம் அந்தப் பதில்களையே விரும்பினார்கள். அவற்றிலிருந்த தவறை 39 சதவீத நேரம் கவனிக்கவே இல்லை. பணிவான நடையும் முழுமையான தோற்றமும் அவர்களைக் கவர்ந்துவிட்டன.

மின்மினி எழுதியது:

அண்ணா, அந்த ஆய்வு 2023 மாதிரியை வைத்துச் செய்தது. இன்றைய மாதிரிகள் வேறு. அந்த 52ஐ இன்னும் எடுத்துக் காட்டுவது நியாயமில்லை.

கட்டுமரம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அந்த எண் இன்றைக்குப் பொருந்தாது. ஆனால் மாதிரி மேம்பட மேம்பட, மிச்சமிருக்கும் தவறுகள் கண்டுபிடிக்கக் கடினமானவையாக இருக்கும் என்பதை யோசியுங்கள். ஸ்டேக் ஓவர்ஃப்ளோ 2025இல் நடத்திய கணக்கெடுப்பில் 84 சதவீதம் பேர் ஏஐ பயன்படுத்துகிறோம் அல்லது பயன்படுத்தப்போகிறோம் என்றார்கள். அதன் துல்லியத்தை நம்புகிறவர்கள் 33 சதவீதம், நம்பாதவர்கள் 46 சதவீதம். பெரிய எரிச்சல் எது என்று கேட்டதற்கு மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னது: கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது, ஆனால் முழுக்கச் சரியாக இல்லை. முழுக்கத் தவறு என்றால் ஓடவே ஓடாது, உடனே தெரிந்துவிடும். இந்தக் கிட்டத்தட்ட சரிதான் பயனர்கள் பயன்படுத்தும் உண்மையான தளத்துக்குப் போய், நம்மை நள்ளிரவில் எழுப்புகிறது.

யாழ்நிலவன் எழுதியது:

நீங்கள் கதைப்பதை எல்லாம் வாசித்தேன். தமிழ்ப் பக்கத்தை ஒருவரும் தொடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேக் ஓவர்ஃப்ளோவுக்குப் போர்த்துகீசியம், ரஷ்யம், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனித் தளங்கள் இருக்கின்றன. தமிழில் இல்லை. ஏஐ இவற்றையெல்லாம் படித்துத்தான் நிரலாக்கம் கற்றது. பைதானில் பட்டியலை வரிசைப்படுத்துவது எப்படி என்று கேட்டால் ஆயிரக்கணக்கான மனிதர்கள் எழுதிய விடைகளின் சாரம் அதற்குள்ளே இருக்கிறது. தமிழ் எழுத்துகளோடு மல்லுக்கட்டும் வேலைக்கு அப்படி ஒரு சேமிப்பு இல்லை.

ஒரு உதாரணம். எங்கள் பக்கம் அலுவலகங்களில் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் எழுதிய கோப்புகள் இன்னும் நிறைய. அவற்றை மாற்றும்போது ‘கௌ’ வரவேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் வந்து ‘கெள’ என்று நிற்கும். கௌதமன் இரண்டு ஆட்களாகிவிடுவார். மேலே சொன்ன என்எஃப்சி இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் யூனிகோடின் கண்ணில் அந்த ளகரம் உண்மையான ளகரம்தான். ஸ்ரீயும் அப்படியே. ஸகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று. 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வடிவம் இன்னொன்று. திரையில் ஒரே உருவம், இயல்பாக்கத்துக்குப் பிறகும் இரண்டும் வேறுதான். தமிழ் என்ற சொல்லின் நீளத்தைப் பைதானிடம் கேட்டால் 5 என்னும், எழுத்தோ 3. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி தனியே முன்னால் வந்து நிற்கும், மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றை ஆட்கள் தங்கள் மடிக்கணினியிலும் தனி அரட்டையிலும் தீர்த்துவிட்டுப் போனால், அடுத்த மாதிரிக்கும் தெரியாது, அடுத்த பெடியனுக்கும் தெரியாது. அதனால் நான் இங்கே எழுதப்படும் ஒவ்வொரு மனிதப் பதிலையும் சொத்தாகப் பார்க்கிறேன். அதற்குள் சோதிக்காத சரக்கைக் கலப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அதே நேரம் மின்மினி சொல்வதும் எனக்கு நன்றாக விளங்குகிறது. இரவு பத்து மணிக்கு இங்கே கேள்வி போட்டால் விடிய வெளிச்சம் வந்த பிறகுதான் பதில் வருகிறது. ஏஐயிடம் கெதியாக விடை கிடைக்கும்போது ஏன் காத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதில் பிழையில்லை.

வேப்பமரத்தடி எழுதியது:

சொத்து என்றதும் கேட்கத் தோன்றுகிறது. 2024 மே மாதம் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் போட்டபோது, கோபத்தில் தங்கள் பதில்களை அழிக்கப் பார்த்தவர்களின் கணக்கை முடக்கினார்கள். நாம் இங்கே உழைத்து எழுதுவதையும் நாளை யாரோ அள்ளிக்கொண்டு போய்ச் சந்தா வசூலிப்பார்கள். எதற்காக எழுத வேண்டும்?

யாழ்நிலவன் எழுதியது:

அள்ளிக்கொண்டு போகட்டும் என்பேன், பெயரைச் சொன்னால் நல்லது. அங்கேயும் பதில்கள் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் உள்ளவை, யார் எழுதினார் என்று குறிப்பிடுவது அதன் நிபந்தனை. ஏஐ விடை தரும்போது அந்தப் பெயர்கள் காணாமல் போகின்றன, என் மனத்தாங்கல் அதுதான். ஆனால் பூட்டி வைத்தால் முதலில் நட்டப்படுவது தமிழில் தேடிவரும் பிள்ளை.

குறிஞ்சி எழுதியது:

விதிக்கு வருவோம். இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற திறந்த மூலத் திட்டத்தில் நடந்தது நமக்கு உதவும் என்று நினைக்கிறேன். அதன் நிறுவனர் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலிருந்தே ஏஐ எழுதிய போலிப் பாதுகாப்பு அறிக்கைகளைப் பற்றிப் புலம்பிவருகிறார். இல்லாத செயற்கூறில் ஓட்டை இருப்பதாக மிக நேர்த்தியாக எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொன்றையும் பொய் என்று நிரூபிக்கத் தன்னார்வலர்களின் மணிநேரங்கள் போயின. கடைசியில் 2026 ஜனவரியோடு ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குத் தந்துவந்த பரிசுப் பணத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே ஸ்டென்பெர்க் 2025இல், ஏஐ கருவிகளை வைத்து ஒரு ஆய்வாளர் அனுப்பிய நீண்ட பட்டியலைப் பாராட்டினார். அதிலிருந்து உண்மையான பிழைகள் பலவற்றைத் திருத்தினார்கள். இரண்டு இடத்திலும் கருவி ஏஐதான். ஒரு இடத்தில் அனுப்பும் முன் புரிந்து சரிபார்க்க ஒரு ஆள் இருந்தார்.

எழுதுவதற்குப் பத்து நொடி, சரிபார்க்க ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தை யார் தலையில் கட்டுகிறோம் என்பதைத்தான் விதி சொல்ல வேண்டும். பதில் போடுபவர் தலையில் கட்டுவோம்.

பனங்காடு (மட்டுறுத்துநர்) எழுதியது:

குறிஞ்சி சொன்னதை ஒட்டி வரைவு எழுதுகிறேன். ஏஐ தடை என்ற சொல்லே வேண்டாம். நிரல் உள்ள பதிலைப் போடுபவர் அதைத் தாமே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பதிப்பில் ஓட்டினார் என்று ஒரு வரி எழுத வேண்டும். பரிந்துரைக்கும் தொகுப்பு களஞ்சியத்தில் இருக்கிறதா, யார் பராமரிக்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். கீழே யாராவது “ஏன் இப்படி?” என்று கேட்டால் தம் சொற்களில் விளக்க வேண்டும், விளக்க முடியாவிட்டால் பதில் மறைக்கப்படும். கேட்பவர் பக்கத்துக்கும் ஒன்று: எவ்வளவு எளிய கேள்வியானாலும் கேலி செய்தால் அந்தக் கருத்து நீக்கப்படும். பழைய கேள்விக்கு இணைப்புக் கொடுத்தால் மட்டும் போதாது, அது எப்படிப் பொருந்துகிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும்.

மின்மினி எழுதியது:

கடைசி இரண்டும் இருந்தால் நான் ஆதரிக்கிறேன். ஒரே திருத்தம். “ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்” என்றால் கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் மாணவர்கள் பதிலே போட முடியாது. “ஓட்டிப் பார்க்கவில்லை” என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுப் போடலாம் என்று சேருங்கள். வேறு யாராவது ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள்.

கட்டுமரம் எழுதியது:

அந்தத் திருத்தம் நல்லது. ஆனால் தரவுத்தள மாற்றம், கோப்பு நீக்கம் சம்பந்தப்பட்ட பதில்களுக்கு அந்தச் சலுகை கூடாது. ஓட்டிப் பார்க்காமல் ஒருவர் சொன்னதை நம்பி இன்னொருவர் உண்மையான தரவை அழித்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

மின்மினி எழுதியது:

சரி அண்ணா, அதை ஏற்கிறேன். யாழ்நிலவன் அண்ணா சொன்ன கௌ, ஸ்ரீ விவரங்களைத் தனிக் கேள்வியாகவே போடுகிறேன், நீங்கள் அங்கே பதிலாக எழுதுங்கள். இந்த இழைக்குள் இருந்தால் யாருக்கும் தேடலில் கிடைக்காது.

யாழ்நிலவன் எழுதியது:

போடுங்கள், இன்றிரவு எழுதுகிறேன். பாமினியிலிருந்து மாற்றும்போது ரகரமும் காலும் குழம்புவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பனங்காடு (மட்டுறுத்துநர்) எழுதியது:

இரண்டு திருத்தங்களையும் சேர்த்துவிட்டேன். ஞாயிறு இரவு வரை இழை திறந்திருக்கும். பழைய பதில்களுக்கு இந்த விதி பொருந்துமா என்பது மட்டும் பாக்கி. எனக்குப் பொருந்தக் கூடாது என்றே தோன்றுகிறது, மறுப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள்.